ஊருக்கெல்லாம் ப்ளக், எங்கள் வீட்டுக்கு அடாப்டர்

நான் ஒரு ப்ளக்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். வெள்ளை நிறம், மூன்று கால், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிற சாதாரண ப்ளக். எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவளின் மிக்ஸி வயர் முனையில் அது இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். என் கிரைண்டருக்கு அதே மாதிரி ஒன்று மாட்டச் சொல்லி நான் கேட்க ஆரம்பித்து இரண்டு கிறிஸ்மஸ் வந்து போயிருந்தன.

அவர் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். முறையாக லைசென்ஸ் எடுத்தவர். காலையில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவார். எங்கள் அடுக்குமாடியில் அது எல்லாருக்கும் தெரியும். அவர் படியேறும் நேரம் பார்த்து யாராவது கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர், இன்னொரு வீட்டில் வாட்டர் ஹீட்டர், கோயில் மண்டபத்தில் மைக். மாதா கோயில் செபக்கூட்டத்துக்கு யார் வீட்டுக்குப் போனாலும், பீடத்தைப் பார்த்துச் சிலுவை போட்ட கையோடு அந்த வீட்டுச் சுவரில் உள்ள ப்ளக் பாயிண்ட்டை ஒரு நோட்டம் விடுவார். சாமியார் பிரசங்கத்தில் இருக்கும்போது இவர் பார்வை ஒலிபெருக்கி வயரில் இருக்கும். ஊரில் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர். நம் வீட்டுக்கு என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்கு முதுகு வலி, நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை.

கிரைண்டர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வேளாங்கண்ணிக்கு யாத்திரை போய்விட்டுத் திரும்பும்போது சென்னையில் வாங்கினேன். மேசை மேல் வைக்கிற சின்ன கிரைண்டர்தான், ஆனால் கல் கனம். பாத்திரத்தைப் புடவைகளுக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்து, கல்லைக் கைப்பையில் போட்டுத் தூக்கி வந்தேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்த அதிகாரி கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிக் கொடுத்தார். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த சாமானின் வயர் முனையில் இந்தியாவின் உருண்டைக் கால் ப்ளக். நம் ஊர் சதுர ஓட்டைக்குள் அது போகுமா? போகாது. அவர் எங்கிருந்தோ ஒரு பயண அடாப்டரை எடுத்து வந்து சொருகி, இரண்டு நாளில் ப்ளக்கை மாற்றிவிடுகிறேன், அதுவரை இது போதும் என்றார்.

அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. அடாப்டர் ஆடத் தொடங்கியது. அரைக்கும்போது தொட்டால் சுட்டது. ஓரம் பழுப்பேறி, சில நாள் லேசாகத் தீய்ந்த வாசனையும் வந்தது. இதெல்லாம் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஈரக் கையோடு கிரைண்டர் உடம்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஓர் இழுப்பு. அடாப்டருக்குள் எர்த் சரியாகப் படுவதில்லை, ஃப்யூஸும் கிடையாது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனார். போகும்போது எனக்கு ஒரு வழியும் காட்டினார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு அரை. ஒண்ணும் ஆவாது."

நான் அப்படியே செய்தேன். இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சமையலறையில் ரப்பர் செருப்பு அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும், எத்தனை கிரைண்டர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது என்று. செருப்பு மாட்டிக்கொண்டு உளுந்து அரைப்பது எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. என்னுடையது பச்சை நிறம். லைசென்ஸ் எடுத்த மனிதரின் மனைவிக்குப் பாதுகாப்பு அந்தச் செருப்புதான்.

இதே மனிதர் போனில் ஊருக்குப் பாடம் எடுப்பதை நீங்கள் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு பேசுவார். நான் பக்கத்தில் கறி கிளறிக்கொண்டிருப்பேன். ரெண்டு கால் சார்ஜரைச் சொருகறதுக்கு மேல் ஓட்டையில பேனாவைக் குத்தாதீங்க ஆன்டி, ஓட்டைக்கு உள்ள இருக்கற மூடி கொழந்தைங்க கைக்குக் கரண்ட் போகாம இருக்கத்தான் வச்சிருக்கான். ப்ளக் சுட்டா உள்ள ஸ்க்ரூ லூசா இருக்கு, இல்ல பாயிண்ட் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம், மொதல்ல சுவிட்ச அடச்சுட்டுக் கழட்டிப் பாருங்க. ஒரே எக்ஸ்டென்ஷன்ல கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் சேத்து மாட்டாதீங்க. மெயின் பெட்டியில டி எழுத்துப் போட்ட டெஸ்ட் பட்டன மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க, டப்புன்னு சுவிட்ச் விழணும், விழலன்னா எனக்குச் சொல்லுங்க. ப்ளக் மட்டும் நீங்களே மாத்தலாம், சொவத்துல இருக்கறதத் தொடாதீங்க. இப்படி எவ்வளவு பொறுமை, எவ்வளவு கனிவு. யாருக்குப் புரியாவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து சொல்வார். என்னிடம் உப்புக் குறைவு என்று சொல்வதற்குக்கூட அவருக்கு இவ்வளவு பொறுமை வராது.

எனக்கு அவர் ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. ஊராருக்குச் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்து, செபமாலை மாதிரி மனப்பாடமாகிவிட்டது. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல்தான். என் புருஷனின் வித்தையை அடுத்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், நான் ஒட்டுக்கேட்டுப் பொறுக்கிக்கொள்கிறேன்.

மேல்வீட்டுக்காரி எனக்கு இளையவள். புருஷன் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். அவளும் வேளாங்கண்ணிக்குப் போனாள், அவளும் சென்னையில் இறங்கினாள், ஒரு மிக்ஸி வாங்கி வந்தாள். சாமான் வந்து இறங்கிய அன்றே படிக்கட்டில் இவரைப் பிடித்து, அண்ணே, இந்த ப்ளக் நம்ம ஊருக்குச் சேராது போலிருக்கே என்றாள். இவர் வேலையிலிருந்து வந்த சட்டையோடு பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு மசால் வடை. இரண்டு தின்றுவிட்டு எனக்கும் ஒன்றை நீட்டினார். எனக்குப் பசிக்கவில்லை என்றேன். பசி காதை அடைத்தது.

கெட்ட சந்தேகம் எதுவும் எனக்கு இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அப்படி ஏதாவது இருந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும், ஒரு மூச்சுச் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு என்னவென்று சண்டை போடுவது? அடுத்த வீட்டுக்கு ஓர் உதவி செய்தார், அதற்கு மூஞ்சியைத் தூக்கினாள் என்று என் பெயர்தான் கெடும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாரோ ஒருத்தி கேட்டதும் எழுந்து போகிற மாதிரி, நான் கேட்டதற்கும் அவர் ஒரு தடவை எழுந்து வர வேண்டும். கையில் ஸ்க்ரூடிரைவரோடு என் சமையலறைக்குள் வர வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை செபக்கூட்டம் மேல்வீட்டில் வந்தது. வீட்டுக்கு வீடு மாறி மாறி நடக்கும், அடுத்தது எங்கள் முறை. செபம் முடிந்து காபி கலக்க நானும் அவள் சமையலறைக்குப் போனேன். அங்கேதான் அந்த ப்ளக்கைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளையாக, வயர் நேராக இறங்கியிருந்தது. அதைவிட இன்னொன்று கண்ணில் பட்டது. ப்ளக் பாயிண்ட் இடுப்பு உயரத்தில் இருந்தது. இந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் அது தரையோரம், கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பின்னால். நான் ஒவ்வொரு தடவையும் குனிந்து, கையைத் தோம்புக்குப் பின்னால் விட்டுத் தடவித்தான் சுவிட்சைப் போடுவேன். இவள் வீட்டில் மட்டும் எப்படி மேலே ஏறியது? நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அண்ணேதான் ஏத்தி வச்சாரு அக்கா. நான் வாயத் தொறந்து கேக்கக்கூட இல்ல. குனியக் கஷ்டமா இருக்கான்னு அவரே கேட்டாரு."

குனியக் கஷ்டமா இருக்கா. இந்த வார்த்தையை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. என் முதுகை அவர் பார்க்காத நாள் இல்லை. காபியில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் சண்டை போடவில்லை. அடுத்த வாரம் நம் வீட்டில் கூட்டம், எல்லாருக்கும் ஆப்பமும் தோசையும் போட வேண்டும், மூன்று ஈடு மாவு அரைக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த ப்ளக்கை மாற்றித் தாருங்கள் என்று நிதானமாகக் கேட்டேன். செய்துவிடலாம் என்றார். திங்கள் போனது, செவ்வாய் போனது. புதன்கிழமை அவர் கீழ்வீட்டில் மீன் தொட்டிக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார். மீனுக்கு.

வியாழக்கிழமை நான் கடைக்குப் போனேன். ஒரு பதின்மூன்று ஆம்பியர் ப்ளக் வாங்கினேன். சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கினேன், அதுவும் அவர் யாருக்கோ சொன்னதுதான். ப்ளக்கோடு வருகிற பெரிய ஃப்யூஸ் கெட்டிலுக்குச் சரி, சின்ன மோட்டாருக்கு அது அளவுக்கு மீறியது. கிரைண்டர் அடியில் எழுதியிருந்த வாட் கணக்கைக் கடைக்காரரிடம் காட்டி அதற்கேற்ற சின்ன ஃப்யூஸ் ஒன்றும் கேட்டு வாங்கினேன். உங்க வீட்டுக்காரர் அனுப்புனாரா என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன். ஒரு வகையில் உண்மைதான்.

வீட்டுக்கு வந்து அடாப்டரோடு பிடுங்கிக் கிரைண்டரை மேசை மேல் வைத்தேன். அதன் வயர் எந்தச் சுவரிலும் சொருகியிருக்கவில்லை, அதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். இந்திய ப்ளக்கை வெட்டி எடுத்தேன். மேலுறையைக் கத்தியால் கீறும்போது உள்ளே இருக்கிற வயரில் படக்கூடாது. எனக்கு முதல் தடவை வயரிலும் பட்டது, விரலிலும் பட்டது. இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி கீறினேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை. புது ப்ளக்கோடு வந்த அட்டையில் பழுப்பு, நீலம், பச்சையும் மஞ்சளும் என்று போட்டிருந்தது. இந்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அட்டையை மறுபடி படித்தேன். ஆனால் இதையும் அவர் ஓர் அங்கிளுக்கு அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். பழைய முறையில் சிவப்புத்தான் கரண்ட் வருவது, அது ஃப்யூஸ் இருக்கிற பக்கம், இங்கிலீஷ் 'எல்' எழுத்துக்கு. கறுப்பு எதிர்ப்பக்கம், இங்கிலீஷ் 'என்' எழுத்துக்கு. பச்சை எப்போதும் உச்சியில் இருக்கிற நீளக் காலுக்கு.

பச்சையை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். யாராவது வயரை இழுத்துப் பிய்த்தாலும் கரண்ட் வயர் முதலில் கழன்று, எர்த் கடைசியில் கழல வேண்டும் என்பது அவர் கணக்கு. அவர் செய்கிற ப்ளக்கில் அந்தப் பச்சை ஒரு சின்ன வளைவாக உட்கார்ந்திருக்கும். நானும் அப்படியே வளைத்துவிட்டேன். செம்புக் கம்பிகளைத் திரிபோல முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நிற்காமல் உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். வயர் பிடிப்பு மேலுறையின் மேல் கடிக்கிற மாதிரி வைத்துத்தான் மூடினேன். மூடிய பிறகு சந்தேகம் வந்து மறுபடி திறந்து எல்லாவற்றையும் பார்த்தேன். மெயின் பெட்டியில் டி பொத்தானை அமுக்கினேன், டப்பென்று விழுந்தது, ஏற்றிவிட்டேன். பிறகு மாதாவை நினைத்துக்கொண்டு ப்ளக்கைச் சொருகிக் கிரைண்டரின் சுவிட்சைப் போட்டேன்.

கல் சுற்றியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு ப்ளக்கைத் தொட்டேன், சூடில்லை. புறங்கையால் கிரைண்டர் உடம்பை லேசாகத் தொட்டேன், இழுப்பில்லை. உளுந்தைப் போட்டு முழுதாக அரைத்து முடித்த பிறகுதான், காலில் செருப்பு இல்லாமல் நிற்கிறேன் என்பதே உறைத்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

சாயங்காலம் அவர் தண்ணீர் குடிக்க வந்தார். இரண்டு வருஷமாக அந்தக் கிரைண்டரைக் கண்ணெடுத்துப் பார்க்காதவர், புது ப்ளக்கைப் பார்த்த மாத்திரத்தில் நின்றுவிட்டார். பிடுங்கினார். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்தார். ஃப்யூஸைத் தூக்கி எழுத்தைப் படித்தார். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். எனக்கு ஸ்கூலில் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"யாரு வந்தா வீட்டுக்கு?"

"யாரும் வரல. நான்தான் மாத்துனேன்."

"சும்மா சொல்லாதே லா. இது வேல தெரிஞ்ச ஆளு செஞ்சது. பச்ச வயர எப்படி விட்டிருக்கான் பாரு."

நான் மறுபடியும் சொன்னேன். நீங்கள் போனில் பேசுவதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ப்ளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழ்வீட்டு ஏர்கான் வேலைக்காரரா என்றார். உன் தம்பி வந்தானா என்றார். முன்பு அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இப்போது செந்தூலில் தனியாகத் தொழில் செய்கிற ஒருவரைச் சொல்லி, அவன்தான் இப்படி வளைப்பான், அவனை எதற்கு நம் வீட்டுக்குள் கூப்பிட்டாய் என்று குரலை உயர்த்தினார். அவர் காது சிவந்திருந்தது. என் புருஷனுக்குப் பொறாமை வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு இனித்தது. நன்றாக வேகட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுட்டது. இந்த அடுக்குமாடி முழுக்க, செந்தூல்வரைக்கும் ஆள் தேடிவிட்டார். எதிரில் நிற்கிற என்னை மட்டும் அவர் தேடவே இல்லை. கத்தி கீறிய என் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தும் வெங்காயம் வெட்டியது என்றுதான் நினைத்திருப்பார்.

சனிக்கிழமை காலை பசியாறிய கையோடு பையைத் திறந்தார். அந்த நேரம் மேல்வீட்டிலிருந்து போன் வந்தது, ஏதோ விளக்கு எரியவில்லையாம். இன்னிக்கு முடியாதும்மா, நம்ம வீட்டுல வேல இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். மெயினை அடைத்துவிட்டு, தோம்பை நகர்த்தி, தரையில் உட்கார்ந்து, சமையலறைச் சுவரில் இருந்த அத்தனை ப்ளக் பாயிண்ட்டையும் கழற்றிப் புதிது மாட்டினார். ஃப்ரிட்ஜ் ப்ளக், கெட்டில் ப்ளக், எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். கிரைண்டரையும் கவிழ்த்து மீட்டர் வைத்துப் பார்த்து, மோட்டாரில் கசிவு இல்லை என்றார். நான் போட்ட ப்ளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு அதே மாதிரி ஒன்றைத் தன் கையால் மாட்டினார். பாயிண்ட்டை மேலே ஏற்றவில்லை, அது பழையபடி தரையோரத்திலேயே இருக்கிறது. அவர் அன்றைக்கு என் முதுகைப் பார்த்து வேலை செய்யவில்லை.

முடித்துவிட்டு எழுந்து, இனி எவனும் இங்கே கை வைக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார்.

சாயங்காலம் செபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆப்பம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மேல்வீட்டுக்காரி சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணே உங்களுக்கு எல்லாத்தையும் புதுசா ஆக்கிட்டாரே அக்கா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் எனக்கு இருந்த பொறாமை அப்போதே போய்விட்டது. என் புருஷன் தேடிய இன்னொருவன் மேல் வந்திருக்கிறது. அவனுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது, எங்கள் வாசற்படியை அவன் மிதித்ததே இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்தவள் நான். ஒரு வார்த்தை கேட்காமல் என் புருஷனைத் தரையில் உட்கார வைத்துவிட்டான் அவன்.